கவுன்டி ஸ்பின்னருக்கு எத்தனை ஓவர் கிடைக்கும்?

எங்கள் கிளப்பில் வளர்ந்த இடது கை ஸ்பின்னர் ஒருவனுக்குக் கவுன்டி (இங்கிலாந்தின் மாவட்ட அளவிலான தொழில்முறை அணி) ஒப்பந்தம் கிடைத்தது. இரண்டு சீசன் இருந்தான். மூன்றாவது சீசனுக்கு அவனை வைத்துக்கொள்ளவில்லை. அவன் பெயரும் கவுன்டியின் பெயரும் இங்கே வேண்டாம். ஆங்கிலேயப் பையன், அப்பா லாரி ஓட்டுகிறவர். நான் மதுரையில் டென்னிஸ் பந்தில் ஆஃப் ஸ்பின் போட்டுத் திரிந்தவன். வேலைக்காக வடமேற்கு இங்கிலாந்துக்கு வந்து, சனிக்கிழமை லீகில் ஆடி, முழங்கால் ஒத்துழைக்காமல் போனபிறகு ஜூனியர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். அவனுக்குப் பதினொரு வயதிலிருந்து நெட்ஸில் பந்து எடுத்துப் போட்டிருக்கிறேன்.

அவன் ஏன் நிலைக்கவில்லை என்று கிளப் பாரில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். திறமை போதவில்லை, மனதில் உறுதி இல்லை, கோச்சுக்குப் பிடிக்கவில்லை என்று. என் கணக்கு வேறு. அவனுக்கு ஓவர் கிடைக்கவில்லை. ஸ்பின் என்பது வீசி வீசியே வருகிற தொழில். கவுன்டி கிரிக்கெட்டின் அமைப்போ இளம் ஸ்பின்னரை வீசவிடாமல் பார்த்துக்கொள்கிறது. யாரும் திட்டம் போட்டுச் செய்வதில்லை, காலண்டரே செய்துவிடுகிறது.

கவுன்டிகளின் முக்கியத் தொடரான சாம்பியன்ஷிப்பில் ஒரு அணிக்கு 14 ஆட்டங்கள், ஒவ்வொன்றும் நான்கு நாள். ஏப்ரலில் தொடங்கி செப்டம்பர் கடைசியில் முடியும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஏப்ரல், மே மாதங்களில்தான் ஆட்டங்கள் அடுத்தடுத்து நெருக்கியடித்து வரும். வெயில் தலைகாட்டத் தொடங்கும்போது டி20 நுழைந்துவிடும். 2021-இல் நூறு பந்து ஆட்டத் தொடரான ஹண்ட்ரட் வந்தபிறகு ஆகஸ்ட் கிட்டத்தட்ட அதற்கே போய்விட்டது. பிட்ச் காய்ந்து, காலடித் தடங்களில் மண் உதிர்ந்து, பந்து பிடித்துத் திரும்புகிற நாட்களில் நான்கு நாள் ஆட்டம் அருகிவிடும். மறுபடி செப்டம்பரில் பனி இறங்கும் காலைகளில் ஆரம்பிக்கும்.

ஏப்ரல் மாதத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிட்சுக்கும் அவுட்ஃபீல்டுக்கும் நிறத்தில் வித்தியாசம் தெரியாது. இங்கே ஆடும் ட்யூக்ஸ் பந்தின் தையல் கையால் போட்டது, மேடாக நிற்கும், நெடுநேரம் வேகப்பந்து வீச்சாளனுக்கு உதவிக்கொண்டே இருக்கும். நான்கு சீமர்கள், அதாவது தையலை நம்பி வீசும் வேகப்பந்து வீச்சாளர்கள், மாறி மாறி வீசுவார்கள். ஸ்பின்னர் பாயின்ட்டில் நிற்பான். இரண்டு பாக்கெட்டிலும் சூடுபடுத்தும் சிறு பைகளை வைத்துக்கொண்டு, ஓவருக்கு ஓவர் இடது கையை உள்ளே விட்டு எடுத்துக்கொண்டு நிற்பான். லஞ்சுக்கு முன் ஒரு ஓவர், அதுவும் சீமர்களின் முனையை மாற்றிக்கொள்வதற்காகக் கூப்பிடுவார்கள். மரத்துப்போன விரலால் அந்த ஆறு பந்தையும் சரியான இடத்தில் போட்டாக வேண்டும். ஒரு பந்து குறுகி விழுந்து பவுண்டரி போனால், அடுத்த ஓவர் மாலை வரை வராது.

இதை மாற்ற இங்கிலாந்து வாரியமே ஒருமுறை முயன்றது. 2016 முதல் வெளியூர் அணி விரும்பினால் டாஸ் போடாமலே முதலில் பந்து வீசலாம் என்று விதி வந்தது. சீமர்களுக்காகப் பச்சையாகப் பிட்ச் போடும் உள்ளூர்க்காரர்களுக்கு அதில் லாபம் இல்லாமல் போகும், பிட்ச் வறளும், ஸ்பின்னருக்கு வேலை வரும் என்பது கணக்கு. அந்த சீசனில் சாமர்செட்டின் ஜாக் லீச் 65 விக்கெட், வார்விக்‌ஷயரின் ஜீதன் படேல் 69 விக்கெட் எடுத்தார்கள். எனக்கு அந்த விதி பிடித்திருந்தது. 2020-இல் அதைத் தூக்கிவிட்டு டாஸைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அதற்குள், சுழலுக்கு அளவுக்கு மீறி உதவிய பிட்சுக்காகச் சாமர்செட்டுக்குப் புள்ளிகளையும் வெட்டியிருந்தார்கள். முதல் நாளே சீமர் பந்தை நாலாபக்கமும் ஆட்டி ஆளைச் சுருட்டினால் அது நல்ல ஆங்கிலப் பிட்ச். முதல் நாளே பந்து திரும்பினால் விசாரணை. இந்த நியாயம் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

சாமர்செட்டின் ஆஃப் ஸ்பின்னராக இருந்த ஷோயப் பஷீரின் கதையைப் பாருங்கள். ஆறே முதல்தர ஆட்டங்கள் ஆடிய நிலையில் 2024 பிப்ரவரியில் விசாகப்பட்டினத்தில் இங்கிலாந்துக்காக டெஸ்ட் ஆடினார். அந்தத் தொடரில் விக்கெட்டுகளும் எடுத்தார். மே மாதம் ஊர் திரும்பினால் சாமர்செட் அணியில் இடமில்லை, அங்கே லீச் இருக்கிறார். நாட்டின் டெஸ்ட் ஸ்பின்னரை வொர்ஸ்டர்‌ஷயருக்குக் கடனாக அனுப்ப வேண்டியிருந்தது. அவருக்கே அந்தக் கதி என்றால், முதல் ஒப்பந்தத்தில் இருக்கிற பத்தொன்பது வயதுப் பையனின் நிலைமையை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பையனுக்கு நடந்தது இதுதான். முதல் அணியின் பயணப் பட்டியலில் அவன் பெயர் அடிக்கடி வந்தது. அம்மா அதைப் பார்த்துப் பூரித்துப்போவார். பட்டியலில் பன்னிரண்டாவது, பதின்மூன்றாவது ஆளாகத்தான் இருப்பான். நான்கு நாளும் தண்ணீர் தூக்குவான், கையுறை மாற்றிக் கொடுப்பான், காலையில் பேட்ஸ்மேன்களுக்கு நெட்ஸில் வீசுவான். அதே வாரம் கவுன்டியின் இரண்டாம் அணியான செகண்ட் லெவன் ஏதோ ஒரு கிளப் மைதானத்தில் ஆடிக்கொண்டிருக்கும். அங்கே பழைய பிட்சில் ஒரு நாளைக்கு இருபத்தைந்து முப்பது ஓவர் வீசியிருக்கலாம். சனிக்கிழமை லீக் ஆட்டமும் போய்விடும். முதல் சீசன் முடிந்தபோது, ஒப்பந்தம் கிடைப்பதற்கு முந்தைய வருடம் வீசியதைவிடக் குறைவாகத்தான் வீசியிருந்தான். உடம்பு மட்டும் ஜிம்மில் இரும்பாகியிருந்தது.

அதனால் நான் இப்போது ஒப்பந்தம் பேசும் எந்தப் பையனிடமும் முதலில் சொல்வது: ஆட்டத்துக்கு முதல் நாள் மாலையே பதினொருவரில் இருக்கிறேனா என்று கேள். இல்லை என்றால், செகண்ட் லெவனுக்கோ லீகுக்கோ விடுங்கள் என்று வாய்திறந்து கேள். மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் விடுவார்கள். கேட்காதவனைத்தான் டிரெஸ்ஸிங் ரூமிலேயே வைத்துக்கொள்வார்கள், தண்ணீர் தூக்க ஆள் வேண்டுமே. இன்னொரு கவுன்டி கடனாகக் கேட்டால் கௌரவம் பார்க்காமல் போய்விட வேண்டும். எந்தச் சட்டையில் வீசினாலும் ஓவர் ஓவர்தான்.

இனி சைமன் கெரிகன். இந்த வட்டாரத்தில் ஸ்பின் பேச்சு எடுத்தால் அவர் பெயர் வராமல் முடியாது. பிரஸ்டனில் பிறந்த இடது கை ஸ்பின்னர். 2011-இல் லங்காஷயரின் ஓல்ட் டிராஃபோர்டில் பிட்ச்களையே தொண்ணூறு டிகிரி திருப்பிப் போடும் வேலை நடந்ததால், அணி பெரும்பாலும் லிவர்பூலில் உள்ள எய்க்பர்த் மைதானத்தில் ஆடியது. அங்கே செப்டம்பரில் ஹாம்ப்‌ஷயருக்கு எதிராகக் கடைசி நாள், நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது. இருபத்திரண்டு வயதுக் கெரிகன் 51 ரன் கொடுத்து 9 விக்கெட். ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது லங்காஷயர் ஜெயித்தது. அடுத்த வாரம் டான்டனில் சாமர்செட்டை வென்று சாம்பியன் பட்டத்தையும் தூக்கியது. யாருடனும் பகிராமல் அந்தப் பட்டத்தை லங்காஷயர் வென்றது 1934-க்குப் பிறகு அப்போதுதான். அந்தக் கடைசி மணி நேரம் இல்லாவிட்டால் பட்டமே இல்லை.

அவரை உலகம் நினைவில் வைத்திருப்பது அதற்காக அல்ல. 2013 ஆகஸ்ட், ஓவல், ஆஷஸ் தொடரின் ஐந்தாவது டெஸ்ட். தொடர் ஏற்கெனவே 3-0 என இங்கிலாந்தின் கையில். கிறிஸ் வோக்ஸும் கெரிகனும் ஒரே நாளில் அறிமுகம். ஷேன் வாட்சன் அடி பின்னிக்கொண்டிருந்த நேரத்தில் பந்தைக் கொடுத்தார்கள். முதல் இரண்டு ஓவரில் 28 ரன். மொத்தம் 8 ஓவர், மெய்டன் இல்லை, 53 ரன், விக்கெட் இல்லை. வாட்சன் 176 எடுத்தார். ஸ்டீவ் ஸ்மித் தன் முதல் டெஸ்ட் சதத்தை டிராட்டின் பந்தில் சிக்ஸர் அடித்து எட்டினார். பகுதிநேர மிதவேகம் போடும் பேட்ஸ்மேனுக்குப் பந்து. அதற்காகவே தேர்ந்தெடுத்த ஸ்பின்னர் ஃபீல்டில் நிற்கிறார். இரண்டாவது இன்னிங்ஸில் அவருக்கு ஓவரே இல்லை. அதன்பிறகு டெஸ்ட்டும் இல்லை.

கிளப் பாரில் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தோம். ஸ்பின் போட்டுப் பழகிய யாருக்கும் அங்கே என்ன நடக்கிறது என்று சொல்லத் தேவையிருக்கவில்லை. விரல் ஸ்பின்னில் ஆள்காட்டி விரலின் மேல் கணுதான் வேலை செய்கிறது. பந்தைத் தளர்வாகப் பிடித்திருந்தால்தான் அந்தக் கணு தையலை இழுத்துச் சுழற்றும். பதற்றத்தில் பிடி இறுகும், மணிக்கட்டு விறைக்கும். பந்து கையைவிட்டு ஒரு கணம் பிந்திப் போகும், குறுகி விழும், அடி வாங்கும். சரி, கொஞ்சம் முன்னே போடுவோம் என்று அவசரப்பட்டு விட்டால் ஃபுல் டாஸ். குறுகியது, ஃபுல் டாஸ், குறுகியது என்று வரிசையாக வந்தால் அவனுக்கு நீளம் தெரியவில்லை என்று அர்த்தமில்லை, விரல் மரத்துவிட்டது என்று அர்த்தம்.

இதற்கு எங்கள் நெட்ஸில் செய்கிற வைத்தியம் எளிமையானது. ஓடிவருவதை விட்டுவிட்டு, நின்ற இடத்திலிருந்தே பந்தைக் கண்ணுக்கு மேலே தூக்கிப் போடச் சொல்வேன். பாதித் தூரம்தான், எதிரே கீப்பர் மட்டும். பிடி தளரும் வரை அதுதான். ஆட்டத்தில் அது முடியாது. ஆகவே கேப்டன் கூப்பிடும் வரை காத்திருக்காமல், ஓவர்களுக்கு நடுவே மிட்-ஆஃபில் நிற்பவனுக்கு நாலைந்து பந்து போட்டுக் கையைச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். முதல் ஓவருக்கு மிட்-ஆஃபைப் பவுண்டரி வரை பின்னால் அனுப்பச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும். அடி விழுந்தாலும் ஒரு ரன்னோடு போகும், மூச்சுவிட நேரம் கிடைக்கும். இளம் ஸ்பின்னர்கள் கேப்டனிடம் ஃபீல்டு கேட்கக் கூச்சப்படுகிறார்கள். எங்கள் பையனும் முதல் அணியில் கிடைத்த முதல் ஓவரில், நெருக்கமாக நிறுத்திய ஃபீல்டுக்கே வீசி, தலைக்கு மேல் மூன்று அடி வாங்கினான். மறுநாள் மதியம் வரை அவன் கைக்குப் பந்து வரவில்லை. அந்தக் கேப்டன் கெட்டவர் அல்ல. அவருக்கும் வேலை போய்விடுமோ என்ற பயம் இருந்திருக்கும்.

கெரிகன் அதோடு முடிந்துவிட்டார் என்று நினைப்பவர்கள் உண்டு. தவறு. அதற்குப் பிறகும் லங்காஷயருக்கு வருடக்கணக்கில் வீசினார். 2018 கடைசியில்தான் கவுன்டி விடுவித்தது. பயிற்சியாளராகப் போனார். 2020-இல் நார்தாம்ப்டன்‌ஷயருக்காக மறுபடி பந்தை எடுத்தார். முதல்தர ஆட்டங்களில் முந்நூறுக்கும் மேல் விக்கெட் எடுத்த மனிதரை எட்டு ஓவரால் அளக்கிறோம்.

கிறிஸ் ஸ்கோஃபீல்ட் கதை இன்னும் விசித்திரம். ராச்டேலில் பிறந்த லெக் ஸ்பின்னர். 2000-இல் இங்கிலாந்து வாரியம் முதன்முதலாக மத்திய ஒப்பந்தம் (கவுன்டிக்குப் பதில் வாரியத்தோடு நேரடி ஒப்பந்தம்) கொடுத்த பன்னிரண்டு பேரில் ஒருவர், வயது இருபத்தொன்று. ஜிம்பாப்வேக்கு எதிராக லார்ட்ஸில் அறிமுகம். சீமர்களே எதிரணியை 83-க்கும் 123-க்கும் சுருட்டிவிட்டார்கள், இவருக்கு ஒரு ஓவர்கூட இல்லை. அடுத்த டெஸ்ட்டில் 18 ஓவர் வீசி விக்கெட் இல்லை, ஆனால் பேட்டில் 57 அடித்தார். டெஸ்ட் வாழ்க்கை அவ்வளவுதான். 2004-இல் லங்காஷயர் அவரை விடுவித்தது. அது முறையற்ற பணிநீக்கம் என்று வேலைவாய்ப்புத் தீர்ப்பாயத்துக்குப் போய் வென்றார். 2006-இல் சர்ரே எடுத்தது. 2007-இல் தென்னாப்பிரிக்காவில் நடந்த முதல் டி20 உலகக் கோப்பையில் மறுபடி இங்கிலாந்துச் சட்டையில் நின்றார்.

பையன்களிடம் இந்தக் கதையைச் சொல்வது இரண்டு விஷயத்துக்காக. ஒன்று, தீர்ப்பாயம். கிரிக்கெட் ஒப்பந்தமும் வேலை ஒப்பந்தம்தான். சட்டம் எட்டாத இடமல்ல. கையெழுத்துப் போடும் முன் தொழில்முறை கிரிக்கெட் வீரர்கள் சங்கத்திடம் காட்டலாம். 1967-இல் தொடங்கிய சங்கம் அது. ஆட்டத்துக்குப் பிந்தைய வாழ்க்கைக்கு வழிகாட்டவும் அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். எங்கள் பையன் அவர்களை முதன்முதலாகக் கூப்பிட்டது விடுவித்த பிறகு. சேர்ந்த வாரமே கூப்பிட்டிருக்க வேண்டும். ஒப்பந்தம் இருக்கும்போதே பகுதிநேரப் படிப்புக்கு அவர்கள் உதவியிருப்பார்கள்.

இன்னொன்று பேட்டிங். பதினொன்றாவதாக இறங்கும் ஸ்பின்னரைக் கவுன்டி அணியில் வைத்துக்கொள்ள ரொம்ப நல்ல காரணம் வேண்டும். பச்சைப் பிட்சில், எட்டாவது இடத்தில் முப்பது ரன் தருகிறவன் என்றால் கோச் யோசிப்பார். பெரிய ரன்கூட வேண்டாம், நிற்கத் தெரிந்தால் போதும். 2019 ஹெடிங்லியில் ஸ்டோக்ஸ் எதிர்முனையில் அடித்து நொறுக்க, ஜாக் லீச் 17 பந்தில் எடுத்த ஆட்டமிழக்காத 1 ரன்னுக்கு இந்த ஊரில் இருக்கும் மதிப்பு அவர் எடுத்த பல ஐந்து விக்கெட்டுகளுக்கு இல்லை.

லீச்சிடமிருந்து இன்னொரு பாடமும் உண்டு. 65 விக்கெட் எடுத்த அதே 2016 முடிவில் லஃப்பரோவில் நடந்த வழக்கமான சோதனையில் பந்து வீசும்போது அவர் முழங்கை அனுமதித்த 15 டிகிரியைத் தாண்டி நிமிர்வது தெரிந்தது. குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து பந்து வீசும் முறையைத் திருத்தினார். 2018 மார்ச்சில் கிறைஸ்ட்சர்ச்சில் டெஸ்ட் ஆடினார். பையனுக்கு பதினைந்து, பதினாறு வயதாகும்போதே மெதுவான ஒளிப்பதிவில் முழங்கையைப் பார்த்துவிடுங்கள். கைபேசியே போதும், பக்கவாட்டில் ஒன்று, பின்னாலிருந்து ஒன்று. சின்ன வயதில் அது சில வார வேலை. ஒப்பந்தத்துக்குப் பிறகென்றால் ஒரு சீசன் போகும்.

நம்மவர்கள் பற்றி ஒரு வார்த்தை. முரளிதரன் 1999-இல் லங்காஷயருக்கு வந்தார். சீசனில் பாதி ஆட்டம்கூட ஆடாமல் 66 விக்கெட். டெர்பி‌ஷயருக்கு எழுபதுகளில் வெங்கட்ராகவன் ஆடியிருக்கிறார். அஸ்வின் வொர்ஸ்டர்‌ஷயர், நாட்டிங்ஹாம்‌ஷயர், சர்ரே என்று மூன்று கவுன்டிக்கு வந்தார். 2021-இல் ஓவலில் சாமர்செட்டுக்கு எதிராக 27 ரன்னுக்கு 6. 2022-இல் வாஷிங்டன் சுந்தர் லங்காஷயருக்கு வந்து முதல் ஆட்டத்திலேயே ஐந்து விக்கெட். நாங்கள் வேலைக்கு லீவு போட்டுப் பார்க்கப் போவோம். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் உள்ளூர் ஸ்பின்னரைப் பற்றி அன்று யார் நினைத்தோம்? வெளிநாட்டு ஸ்பின்னர் வருவது வேகப்பந்து வீச்சாளன் இடத்தை எடுப்பதில்லை, இன்னொரு ஸ்பின்னரின் இடத்தைத்தான் எடுக்கிறது. அதிலும் நன்மை எடுக்கிறவன் எடுப்பான். வாரம் முழுக்க நெட்ஸில் அப்படிப்பட்டவர் பக்கத்தில் நிற்கக் கிடைப்பது லேசா? எங்கள் பையன் அணியில் அப்படி ஒரு வெளிநாட்டுக்காரர் இருந்தார். இவன் கேள்வி கேட்கவே தயங்கினான் என்று பின்னால் அவனே சொன்னான்.

விடுவித்த விதம் பற்றி: செப்டம்பர் முதல் வாரம், ஒரு அறை, இரண்டு பேர், பத்து நிமிடத்துக்குள் முடிந்த பேச்சு. திட்டவில்லை, காரணம் என்று பெரிதாக எதுவும் சொல்லவுமில்லை. சம்பளம் எந்தத் தேதி வரை, மருத்துவ வசதி எதுவரை, கிட்டில் எதைத் திருப்ப வேண்டும் என்பதை எல்லாம் அவன் அப்பாதான் அடுத்த வாரம் போன் போட்டுக் கேட்டுக்கொண்டார். அன்றே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கூடவே, அந்தச் சீசனில் வீசியதன் காணொளிப் பதிவையும் கேட்டு வாங்குங்கள். வேறு கவுன்டியில் டிரையலுக்குப் போகும்போது அதுதான் பேசும். தொழில்முறைக் கவுன்டிகளுக்கு அடுத்த நிலையில் உள்ள நேஷனல் கவுன்டீஸ் அணிகளிலும் ஆடலாம், அங்கிருந்து திரும்ப மேலே போனவர்கள் உண்டு. தெற்காசியக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பர்மிங்காம் சிட்டி பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து நடக்கிற சௌத் ஏஷியன் கிரிக்கெட் அகாடமி இன்னொரு வாசல். லெக் ஸ்பின்னர் ஜாஃபர் சோஹான் அந்த வழியாகத்தான் யார்க்‌ஷயர் போனார்.

போன மாதம் ஒரு சேலத்துக்காரர் கூப்பிட்டார். மகனைக் கவுன்டியின் பதினான்கு வயதுக்குட்பட்டோர் அணியில் எடுத்திருக்கிறார்கள், ஆஃப் ஸ்பின்னர். “அண்ணே, ஏஜென்ட் யாராவது பார்க்கணுமா?” இந்த வயதில் வேண்டாம் என்றேன். கிளப்பில் ஆண்கள் மூன்றாவது அணியில் ஆடச் சொல்லுங்கள், பெரியவர்களுக்கு வீசட்டும், அடி வாங்கட்டும் என்றேன். சனிக்கிழமைக் கணக்கு டியூஷனை நிறுத்திவிடலாமா என்றார். நிறுத்த வேண்டாம், ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றுங்கள் என்றேன். டியூஷன் வாத்தியார் ஒத்துக்கொண்டாராம்.